வெளிச்சுவரில் ஒரு கை

மார்ச் 3

ஆபீஸில் இன்று முழுவதும் ஒரே வாக்கியத்தோடு மல்லுக்கட்டினேன். 'பெட்டியிலிருந்து லேசான உறுமல் கேட்பது இயல்பானது; அது பழுதல்ல.' ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்கள் பிரிக்காமலே அலமாரியில் போட்டுவிடும் கையேடு. அதை எழுதுவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. உறுமல் வேண்டாம், வாங்குகிறவர் பயந்துவிடுவார் என்றார் மேலாளர். ரீங்காரம் என்று மாற்றினேன். "என்னம்மா, கவிதை எழுதறியா?" என்றார். கடைசியில் 'சத்தம்' என்று போட்டு அனுப்பினோம். சத்தம்! எவ்வளவு செத்த சொல்.

சாயங்காலம் பென்சில் போன் செய்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒல்லி, உயரம், காதில் எப்போதும் ஒரு பென்சில். என் நாவலைக் காமிக்ஸாக வரைகிறாள். பக்கத்துக்கு எத்தனை கட்டம், கட்டத்துக்குள் யார், என்ன வசனம் என்று எழுதித் தருவது என் பொறுப்பு.

"ஏய், பதினோராம் பக்கம், மூணாவது கட்டம். 'சுவரைத் தொட்டுப் பிரார்த்திக்கிறாள்'னு எழுதியிருக்கே."

"ஆமா."

"எப்படித் தொடறா?"

"தொடறா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா? விரல் நுனியாலயா, உள்ளங்கையாலயா, நெத்தியாலயா? நிக்கிறாளா, மண்டி போடறாளா? கண்ணு திறந்திருக்கா? நாவல்ல நீ ஒரு வார்த்தையில நழுவிட்டே. நான் இங்க அஞ்சு விரலையும் வரைஞ்சாகணும்டீ."

புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எத்தனையோ இடத்தில் தொட்டுப் பிரார்த்திக்கிறாள். எந்தக் கை என்று ஓர் இடத்திலும் இல்லை. எழுதியவளுக்கே தெரியவில்லை.

மார்ச் 4

கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து விதமாகக் கும்பிட்டுப் பார்த்தேன். எல்லாமே யாரிடமோ இரவல் வாங்கியது போல இருந்தது.

மார்ச் 8

எடிட்டர் அக்கா காமிக்ஸின் பின்னட்டைக்குக் கதையைச் சுருக்கிக் கேட்டார். எழுதி அனுப்பியது:

'கூடு என்ற கப்பல் ஏழு தலைமுறையாக விண்வெளியில் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே பிறந்தவர்கள் வானத்தைக் கண்டதில்லை. அதன் சுவர்கள் எப்போதும் மெல்ல அதிர்கின்றன. அதை அவர்கள் மூச்சு என்கிறார்கள். மூச்சு விடுகிறவரைக் கடவுள் என்கிறார்கள். சுவரைத் தொடுவதே அங்கே பிரார்த்தனை. பம்பு பழுது பார்க்கும் ஒரு பெண், அந்த மூச்சு குளிர்நீர் பம்பின் அதிர்வு என்று கண்டுகொள்கிறாள். யாரிடமும் சொல்லாமல், மூச்சு எட்டாத வெளிப்பக்கத்துக்குப் போய்விடுகிறாள்.'

அக்கா உடனே கூப்பிட்டார். "நல்லா இருக்கும்மா. ஆனா ஒரு சந்தேகம். இது கடவுள் கதையா, பம்பு கதையா?"

"அதைத்தான் நானும் பார்த்துட்டிருக்கேன் அக்கா."

"சீக்கிரம் பாரு. அச்சகத்துக்குத் தேதி சொல்லிட்டேன்."

மார்ச் 11

இணையத்தில் ஒரு வாசகர் கூட்டம். திரையில் பாதி முகங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் மட்டும் புத்தகத்தில் கோடு போட்டுப் படித்திருந்தார்.

"நீங்க நம்புறவங்களா, நம்பாதவங்களா? உங்க பேரை வெச்சும் கண்டுபிடிக்க முடியலையே."

அதற்காகத்தானே அப்படி ஒரு புனைபெயரைத் தேடிப் பிடித்தேன்! கதை எழுதுகிறவள் எல்லாப் பக்கமும் நின்று பார்க்க வேண்டும் என்று என்னவோ சொல்லிச் சமாளித்தேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அவருக்கு என்ன பதில் இருக்கிறது என்னிடம்? அப்பா வீட்டார் மதம் ஒன்று, அம்மா வீட்டார் மதம் வேறொன்று. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இரண்டையும் விட்டுவிட்டார். அம்மா இரண்டையும் பிடித்துக்கொண்டாள். தினமும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்து, கைகால் கழுவி, ஹால் மூலையில் பாயைப் போட்டுக் கண்ணை மூடி உட்காருவாள். முதலில் அவள் வீட்டுப் பிரார்த்தனை, பிறகு அவள் மாமியார் வீட்டுப் பிரார்த்தனை. "எங்க வீட்டுக் கடவுள் கோவிச்சுக்கப் போறாரு, ரெண்டாவதாவே நிக்க வெக்கறியே" என்று அப்பா சீண்டுவார். "அவருக்கு நேரமாகும்னு தெரியும், நீங்க பேப்பரைப் படிங்க" என்பாள்.

சின்ன வயதில் நானும் அந்தப் பாயில் உட்காருவேன். கல்லூரியில் ஒரு நாள் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது, உட்காரவில்லை. மறுநாளும் உட்காரவில்லை. அப்புறம் அது அப்படியே ஆகிவிட்டது. அம்மா ஏன் என்று கேட்டதே இல்லை. ஏன் மெலிந்துவிட்டாய், போனில் யார், ஏன் அந்தச் சட்டையைப் போடுவதில்லை — எல்லாம் கேட்பாள். இதை மட்டும் கேட்க மாட்டாள்.

நாவல் வந்தபோது எனக்குப் பயமில்லை. அம்மா நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கிறவள். "வரி வரியா இருந்தா கண்ணு சொக்குதுடீ" என்று மூன்றாம் பக்கத்தில் மூடிவைத்துவிட்டாள். காமிக்ஸ் அப்படியல்ல. படம் இருந்தால் முழுசாகப் பார்த்துவிடுவாள். பார்த்தால், சுவரை விட்டுவிட்டுப் போகிற அந்தப் பெண் யாரென்று அவளுக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை.

அதுதான் என் பயம். எழுதிவிட்டேன். இனிமேல் இங்கேயாவது பூசி மெழுக வேண்டாம்.

மார்ச் 15, ஞாயிறு

கைகளைப் படமெடுக்கப் பென்சில் வீட்டுக்கு வந்தாள். முதலில் என் கையைத்தான் சுவரில் வைக்கச் சொன்னாள். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "சுவிட்சைத் தேடற மாதிரி இருக்கு."

அந்த நேரம் பார்த்து எங்கள் கிழட்டு ஃப்ரிட்ஜ் நின்றது. அது நிற்பதும் உடம்பை உலுக்கிக்கொண்டு மறுபடி கிளம்புவதும் எங்களுக்குப் பழக்கம். அம்மா போய் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். தலையை லேசாகக் குனிந்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, காத்திருந்தாள். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். இன்றுதான் பார்த்தேன்.

பென்சில் கத்தியேவிட்டாள். "ஆன்ட்டி! அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!"

"ஏம்மா, முதுகுல பல்லியா?"

"இல்ல ஆன்ட்டி, உங்க கை. உங்க பொண்ணு கதையில வர்றவங்க இப்படித்தான் கும்பிடணும்."

"ஃப்ரிட்ஜையா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா சிரித்தார். "நம்ம ஃப்ரிட்ஜுக்குப் பிரார்த்தனை தேவைதான். வேற எதுவும் இனி வேலைக்கு ஆகாது."

படமெடுத்து முடிந்ததும் அம்மா சும்மா இருந்தாளா? "என்னதான் கதை? இவ சொல்ல மாட்டா, நீயாவது சொல்லு" என்று பென்சிலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பாவி கையைக் காலை ஆட்டி முழுக் கதையையும் நடித்தே காட்டிவிட்டாள். மூச்சு, பம்பு, கதவு, எல்லாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலி டம்ளரைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

"அப்போ அந்தப் பொண்ணு?"

"வெளியே போயிடறா ஆன்ட்டி."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "திரும்பி வருவாளா?"

பென்சில் என்னைப் பார்த்தாள். பேப்பர் பக்கம் திரும்பும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

"எழுதினவளுக்கே தெரியலேன்னா வேற யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்தும் சொல்லவில்லை.

மார்ச் 16

அம்மா கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும்தானா?

மார்ச் 19

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்தார். கம்ப்ரஸர் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அப்பா உடனே புதிது வாங்கலாம் என்றார். "ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த வாக்கியத்துக்கு இந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

மார்ச் 24

பென்சிலிடமிருந்து கடைசிப் பக்கம் வந்தது.

ஆரம்பத்திலேயே பேசி வைத்த விஷயம்: நம் கண் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. அதனால் வலது பக்கம் பார்த்து நடந்தால் 'போகிறாள்', இடது பக்கம் பார்த்து நடந்தால் 'வருகிறாள்' என்றுதான் தோன்றும். கூட்டின் வெளிக்கதவு எப்போதும் பக்கத்தின் வலது ஓரம். புத்தகம் முழுக்க அப்படித்தான். கடைசிக் கட்டத்தில் அவள் அந்தக் கதவைத் தாண்டி வலப்பக்கம் போக வேண்டும்.

வந்திருக்கும் படத்தில் கதவு இடது ஓரத்தில். இடது பக்கம் பார்த்து நடக்கிறாள். யார் பார்த்தாலும் சொல்வார்கள்: திரும்பி வந்துவிட்டாள்.

போன் போட்டுக் கத்தினேன். "என் முடிவை மாத்த நீ யாருடீ? எங்கம்மா ஒரு கேள்வி கேட்டா உடனே உருகிடுவியா?"

"என்ன உளறறே?"

"வீட்டுக்குத் திரும்பி வர்ற மாதிரி வரைஞ்சு வெச்சிருக்கே! எங்கம்மா மனசு குளிரணும்னா நீ தனியா ஒண்ணு வரைஞ்சு கொடு. என் கதையில கை வெக்காதே."

"நான் எதையும் மாத்தல. தூங்கி எழுந்து பேசு" என்று வைத்துவிட்டாள்.

'வீட்டுக்கு' என்றா சொன்னேன்? கூட்டுக்கு என்று சொல்ல வந்தேன். சொன்னது வீட்டுக்கு.

மார்ச் 25

காலையில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கருவிப் பையை அவள் எப்போதும் இடது தோளில்தான் மாட்டுவாள். இதில் வலது தோளில் இருக்கிறது. இடது கன்னத்துத் தீக்காயம் வலது கன்னத்துக்குப் போயிருக்கிறது. படம் முழுசும் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறிக் கிடக்கிறது.

பென்சிலின் வழக்கம் இது. வரைந்து முடித்ததும் திரையில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பாள். நெடுநேரம் பார்த்த படத்தில் கண் பழகிப்போகும், கோணல் தெரியாது. திருப்பினால் புதுப் படம் போல எல்லாக் குறையும் பல்லைக் காட்டும். பார்த்துவிட்டுப் பழையபடி திருப்பி வைக்க வேண்டும். நேற்று வாசலில் யாரோ மணி அடிக்க, திறக்கப் போனவள், வந்து அப்படியே சேமித்து அனுப்பிவிட்டாள்.

"அவ்வளவுதான் விஷயம். உங்கம்மாவும் இல்ல, உருகலும் இல்ல" என்றாள் போனில்.

"மன்னிச்சுக்கோடீ."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். ஏன் அப்படிக் கத்தினே? தப்பா இருந்ததுனாலயா, நல்லா இருந்ததுனாலயா?"

இரண்டு படத்தையும் அனுப்பச் சொன்னேன்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதே கோடுகள், அதே முகம், ஒரு ரோமம்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் போகிறவள் முகத்தில் சோகம் தெரிகிறது. வருகிறவள் முகத்தில் பிடிவாதம். வரைந்தவள் அதில் எதையும் வைக்கவில்லையே, அப்படியானால் இந்தச் சோகத்தை வைத்தது யார்? நானா? நாவல் எழுதும்போது அவள் தைரியசாலி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 29

ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன்! என் தப்பு. அச்சாகி, விற்று, மூன்று மதிப்புரையும் வந்த பிறகு.

மத்தியானம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தேன். வெளிச் சத்தத்தை அடியோடு அடைத்துவிடும் ரகம். அதோடு தண்ணீர் குடிக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று தெரியவில்லை. என்னை அறியாமல் பக்கவாட்டில் கையை வைத்தேன், அம்மா மாதிரியே. காதில் துளிச் சத்தம் இல்லை. உள்ளங்கையில் முழுசாக இருந்தது அந்த உறுமல். முழங்கை வரைக்கும் ஏறியது.

நாவலின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதியது: 'வெளியே மூச்சு இல்லை.' சுத்தத் தப்பு! வெளியே காற்று கிடையாது, சத்தம் காதுக்கு வராது, அதுவரைக்கும் சரி. ஆனால் சுவர் அதிர்கிறதே? உள்ளே இருந்து தொட்டாலும் வெளியே இருந்து தொட்டாலும் அதே சுவர்தானே? கையுறையோடு வைத்தால்கூடக் கைக்கு வந்து சேர்ந்திருக்கும்.

அப்பாவிடம் ஓடினேன். முப்பது வருஷம் கணக்கு வாத்தியார், நாவலை இரண்டு தடவை படித்தவர். யோசித்தார். "சரிதான். அஞ்சு மார்க் போச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கும் தோணலையே. அவ போனதுலயே கண்ணா இருந்துட்டேன்" என்றார்.

அதுதான் என்னைக் குடைகிறது. பம்பையே பிரித்து மாட்டுகிறவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? வெளியே போனதும் முதல் வேலையாகக் கை வைத்துப் பார்த்திருப்பாள். நான்தான் விடவில்லை. அவள் போவது முழுசாகப் போவதாக இருக்க வேண்டும் என்று எனக்கு என்ன அவ்வளவு அவசரம்?

மூச்சு பம்பிலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகும் கை வைக்கத் தோன்றினால் — அது என்ன? பழக்கமா? ஆராய்ச்சியா? வேறு பெயர் இருக்கிறதா?

ஏப்ரல் 2

சாயங்காலம் அம்மாவோடு துணி மடித்துக்கொண்டிருந்தேன். எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"அம்மா, கும்பிடும்போது என்ன நினைப்பே?"

"பாதி நேரம் நாளைக்கு யாருக்கு ட்யூட்டின்னு நினைச்சிட்டிருப்பேன்."

"மீதி நேரம்?"

"அது தெரியல. அதுக்காகத்தான் உக்காரறேன்னு வெச்சுக்கோயேன்." ஒரு போர்வையின் நுனியை என்னிடம் நீட்டினாள். "இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"நான் உன்கூட உக்காரறதை நிறுத்திட்டேனே..."

"தெரியும்."

"நீ ஏன்னு கேக்கவே இல்லையே."

போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "கேட்டா நீ பதில் சொல்லிடுவியோன்னுதான்."

இங்கே நிறுத்தினால் இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டேன் என்று தெரிந்தது. "எனக்கு நம்பிக்கை இருக்கான்னு தெரியலம்மா. இல்லைன்னும் சொல்ல வரல. உன்கூட உக்காந்து கண்ணை மூடினா நடிக்கிற மாதிரி இருந்துச்சு. உன் பக்கத்துல உக்காந்து நடிக்கப் பிடிக்கல."

"அந்தப் பொண்ணு நீதானா?"

"பாதி."

"ம்" என்றாள். நாங்கள் இருவரும் நடந்து வந்து போர்வையின் முனைகளைச் சேர்த்தோம். என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டாள். "நல்ல வேளை. கல்யாண விஷயமோன்னு பயந்தே போயிட்டேன்."

சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக. அவள் அழவில்லை. ஆனால் இன்று பாயில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள். யாருக்கு ட்யூட்டி என்று யோசித்திருக்க மாட்டாள். அதற்கு நான் எதுவும் செய்ய முடியாது.

ஏப்ரல் 9

கடைசிக் கட்டத்தைப் புதிதாக எழுதி அனுப்பினேன்:

'கதவு அவளுக்குப் பின்னால் மூடியிருக்கிறது. அவள் வலது பக்கம், இருட்டைப் பார்த்து நிற்கிறாள். இடது கை பின்னால் நீண்டு வெளிச்சுவரில். உள்ளங்கை முழுதும் படிந்திருக்க வேண்டும். வசனம் இல்லை.'

பென்சில் கேட்டாள், "அப்போ போறாளா, வராளா?"

"போறா."

"அப்புறம் கை எதுக்கு?"

"ஓடுதான்னு பார்க்கறா."

"ஓடலேன்னா?"

"பழுது பார்க்கத் தெரிஞ்சவதானே."

போனில் கோடு கிறுக்கும் சத்தம் கேட்டது. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் தூங்கியிருப்பேன்டீ."

எடிட்டர் அக்காதான் இழுத்தார். "நாவல்ல ஒரு முடிவு, காமிக்ஸ்ல ஒரு முடிவா? வாசகர்கள் பிடிச்சுக்குவாங்கம்மா."

"நாவல்ல இருக்கறது தப்பு அக்கா."

"என்ன தப்பு, கொள்கைத் தப்பா?"

"பௌதிகத் தப்பு."

சரி, அப்படியே அனுப்பு என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 27

அச்சகத்துக்குப் போய்விட்டது. பென்சில் எல்லாப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, திருப்பி வைத்ததையும் எனக்குப் படமெடுத்து அனுப்பினாள். திமிர்.

ஜூன் 18

புத்தகம் வந்தது. அம்மா வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, பாயைப் போடாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, உடனே திறந்து வைத்தேன். அப்பா பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காத குறைதான்.

பதினோராம் பக்கத்தில் நின்றாள். வரைந்த கையின் மேல் தன் கையை வைத்து அளந்து பார்த்தாள்.

"என் மோதிரத்தைக் காணோம்?"

"பம்பு ரிப்பேர் பண்றவ மோதிரம் போட மாட்டாம்மா."

கடைசிக் கட்டத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"வெளியே குளிராதா இவளுக்கு?"

"உடை போட்டிருக்கா."

"போதுமா அது?"

"போதும்மா."

புத்தகத்தை மூடினாள். "ரெண்டு காப்பி கொடு. லேப்ல காட்டணும்" என்றாள். பிறகு எழுந்து போய்ப் பாயை விரித்தாள். எப்போதும் பாயின் நடுவில் உட்காருபவள், இன்று ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. அவள் கூப்பிடவில்லை. நான் அங்கே போய் உட்கார்ந்து அடுத்த கதைக்கான குறிப்பைப் படித்தேன். கண்ணை மூடவில்லை. பக்கம் திருப்பும்போது மட்டும் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 30

நேற்று பழைய ஃப்ரிட்ஜ் நின்றது, மறுபடி கிளம்பவில்லை. இன்று புதிது வந்துவிட்டது. அதன் கையேடு நான் எழுதியது! வீட்டில் யாரும் பிரிக்கவில்லை.

சத்தமே இல்லாத ரகம். மாட்டிவிட்டு ஆட்கள் போன பிறகு மூன்று பேரும் அதன் முன்னால் நின்றோம். "இது ஓடுதா, இல்லையா?" என்றார் அப்பா. அம்மா பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். தலையைக் குனிந்தாள்.

"ஒண்ணும் தெரியலையே. நீ பாரு."

அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். காதுக்கு எதுவும் இல்லை. கைக்கு ஏதோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"இருங்க, கதவைத் திறந்து குளிருதான்னு பார்த்துடலாம்" என்றார் அப்பா.

"கொஞ்சம் பொறுங்க" என்றோம், இரண்டு பேரும்.